சி சென்டருக்குப் புரியாது, சார்



கோடம்பாக்கத்தில் கதை சொல்லப் போன எவரும் ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். "எனக்குப் புரியுது சார், பிரமாதமா இருக்கு. ஆனா சி சென்டர் ஆடியன்ஸுக்குப் புரியாதே!" சொல்பவர் தயாரிப்பாளராக இருக்கலாம், விநியோகஸ்தராக இருக்கலாம், பைனான்சியரின் மைத்துனராகவும் இருக்கலாம். யார் சொன்னாலும் புரியாதவர் மட்டும் எப்போதும் அந்த அறையில் இல்லாத ஒருவர்தான். "எனக்கே புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இளைஞர்கள் நிறைய வந்திருக்கிறீர்கள், அதனால் ஒரு வார்த்தை. ஏ, பி, சி சென்டர் என்பது வசூலையும் பிரிண்ட் போய்ச் சேரும் வரிசையையும் வைத்துப் பிரித்த கணக்கு. படப்பெட்டி முதலில் சென்னை, மதுரை, கோவை மாதிரி ஊர்களுக்குப் போகும். அங்கே ஓடித் தேய்ந்தபின் அடுத்த ஊர்கள். கடைசியில்தான் கிராமத்து டென்ட் கொட்டகை. இது சரக்குப் போக்குவரத்து சம்பந்தப்பட்ட விஷயம். படம் தாமதமாகப் போய்ச் சேரும் ஊரில் மனிதர்களுக்கு விஷயமும் தாமதமாகத்தான் புரியும் என்று யார், எப்போது முடிவு செய்தார்களோ தெரியாது. பிரிண்ட் வரிசை அறிவு வரிசையாகிவிட்டது. இன்றைக்கு ஒரே நாளில், ஒரே நேரத்தில் டிஜிட்டலாக எல்லா ஊரிலும் படம் வெளியாகிறது. வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் ஊரில் இந்தப் பேச்சு டீ டம்ளரோடு கரைந்துபோய்விடும். ஹாலிவுட்டில் அப்படியில்லை. அங்கே அட்டைகள், கேள்வித்தாள்கள், கடிதங்கள் என்று எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. ஆகவே முதலில் அங்கே போவோம்.

1942 மார்ச் 17. கலிஃபோர்னியாவில் பொமோனா என்ற ஊர். ஃபாக்ஸ் திரையரங்கில் அன்று மாலை ஓடிக்கொண்டிருந்தது 'த ஃப்ளீட்ஸ் இன்' என்ற படம். கடற்படை வீரர்கள், டோரதி லமூர், ஆட்டம் பாட்டம். அது முடிந்ததும் விளக்கைப் போட்டு, இன்னும் வெளிவராத ஒரு படத்தைக் காட்டப்போகிறோம், உட்காருங்கள் என்றார்கள். அதுதான் ஆர்சன் வெல்ஸ் 'சிட்டிசன் கேன்' படத்துக்கு அடுத்து எடுத்த 'த மக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்'. ஒரு பணக்காரக் குடும்பம் மெல்ல மெல்ல நொடித்துப்போகும் கதை. மோட்டார் கார் வருகிறது, ஊர் புகையும் கரியுமாக மாறுகிறது, பழைய மாளிகை இருண்டுபோகிறது.

பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்து மூன்று மாதம்தான் முடிந்திருக்கிறது. போருக்குப் போகவேண்டிய வயதில் இருந்த பையன்கள் கொட்டகையில் நிறையப் பேர். பாட்டும் கும்மாளமும் பார்த்த சூட்டில் அவர்கள் முன்னால் இந்தப் படம். அக்னெஸ் மூர்ஹெட் நடித்த ஃபேனி அத்தை உடைந்து அழும் இடங்களில் சிரித்தார்கள். ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் தலைவர் ஜார்ஜ் ஷேஃபர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சிரிப்பும் அவருக்கு எத்தனை டாலராகக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காட்சி முடிந்து ரசிகர்கள் கருத்தெழுதித் தந்த அட்டைகள் 125. அவற்றில் 72 பாதகம். மீதியில் சிலர் தாங்கள் பார்த்ததிலேயே மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்கிற அளவுக்கு எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து பாசடினாவில் இன்னொரு காட்சி. அங்கே வரவேற்பு எவ்வளவோ மேல். ஆனால் ஷேஃபர் மனதில் பொமோனாதான் நின்றது. வெல்ஸ் அப்போது பிரேசிலில் வேறொரு படத்தின் படப்பிடிப்பில் இருந்தார். தந்திகள் பறந்தன. அவரும் சும்மா இருக்கவில்லை, அங்கிருந்தபடியே சில பகுதிகளை வெட்டச் சொல்லி உத்தரவு அனுப்பியிருக்கிறார், அதையும் சொல்லிவிட வேண்டும். முடிவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த படம் 88 நிமிடமானது. வெட்டிய பகுதிகளை ஸ்டுடியோ பிறகு அழித்துவிட்டது. கத்தரி பிடித்தவர் ராபர்ட் வைஸ், பின்னாளில் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்த அதே வைஸ்.

இங்கே கொஞ்சம் நின்று கடைசிக் காட்சியைப் பார்ப்போம். வெல்ஸ் எடுத்த முடிவில் யூஜீன் என்ற கிழவர், ஃபேனி அத்தை தங்கியிருக்கும் மலிவான விடுதிக்கு வருகிறார். ஒரு காலத்தில் அவள் அவரைக் காதலித்தவள். இப்போது அவளிடம் பேச எதுவுமில்லை. பக்கத்தில் கிராமபோனில் ஏதோ நகைச்சுவைத் தட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் எழுந்து வெளியே வந்து காரில் ஏறிப் போய்விடுகிறார். ஸ்டுடியோ இதைத் தூக்கிவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தா ஒன்றைப் போட்டு, அதே இரண்டு பேரையும் வைத்துப் புதிதாக ஒரு காட்சி எடுத்தது. யூஜீன் நல்ல சேதி சொல்கிறார், ஃபேனி முகம் மலர்கிறது, இருவரும் சேர்ந்து நடந்து போகிறார்கள், வயலின் இசை ஏறுகிறது. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தன் பெயரையே படத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்.

அத்தனையும் செய்து ஜூலையில் வெளியிட்டார்கள். 'மெக்சிகன் ஸ்பிட்ஃபயர் சீஸ் எ கோஸ்ட்' என்ற சிரிப்புப் படத்தோடு ஜோடி சேர்த்து, இரண்டு படம் ஒரே டிக்கெட் என்று ஓட்டினார்கள். நஷ்டம்தான்.

என் கேள்வி இது. பொமோனாவில் இருந்தவர்களுக்குப் படம் புரியவில்லையா? அத்தை ஏன் அழுகிறாள் என்று தெரியாமலா சிரித்தார்கள்? நன்றாகத் தெரிந்துதான் சிரித்தார்கள். அடுத்த மாதம் சிப்பாயாகப் போகப்போகிறவனுக்குப் போன நூற்றாண்டுப் பணக்கார வீட்டுத் துக்கம் அன்றைக்குத் தேவைப்படவில்லை. அவன் பிடிக்கவில்லை என்றான். அதுவும் வேறொரு படத்துக்குக் காசு கொடுத்து வந்தவன். ஸ்டுடியோ காதில் அது 'தாங்காது, எளிமையாக்கு' என்று விழுந்தது. பிடிக்காதது, புரியாதது, இன்றைக்கு வேண்டாம் என்பது ஆகிய மூன்றும் வேறு வேறு. வீட்டில் குழந்தை சாப்பாட்டைத் தள்ளிவிட்டால் காய்ச்சலா, பசியில்லையா, கத்தரிக்காய் பிடிக்கவில்லையா என்று நாலு கேள்வி கேட்கிறோம். ஸ்டுடியோவுக்கு ஒரே மருந்துதான் தெரியும், குழைய வைத்து ஊட்டுவது.

இதற்குப் பிறகு அட்டைமுறை விஞ்ஞானமாக வளர்ந்தது. 1978-இல் ஜோசப் ஃபாரெல் என்பவர் நேஷனல் ரிசர்ச் குரூப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வணிக வளாகங்களில் ஆள் பிடித்து, வயது, ஆண் பெண் என்று கணக்குப் பார்த்து முந்நூறு நானூறு பேரை உட்காரவைத்துப் படத்தைக் காட்டுவார்கள். முடிந்ததும் கேள்வித்தாள். மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று ஐந்து கட்டங்கள். முதல் இரண்டு கட்டத்தில் எத்தனை சதவீதம் விழுந்தது என்பதுதான் அந்தப் படத்தின் ஜாதகம். பிறகு இருபது பேரை முன்வரிசையில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பார்கள். எந்தக் காட்சி இழுவை? எந்த இடத்தில் குழப்பம்?

நீங்களே அந்த முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகப் படம் காட்டியிருக்கிறார்கள், கையில் பென்சில் கொடுத்திருக்கிறார்கள், கோட்டுப் போட்ட ஒருவர் உங்கள் கருத்தை மரியாதையாகக் கேட்கிறார். "குழப்பமே இல்லை" என்று சொன்னால் நீங்கள் எதற்கு? ஒரு நிமிடம் யோசித்து ஒரு குழப்பத்தைக் கண்டுபிடித்துத் தருவீர்கள். படம் பார்க்கும்போது உங்களை இழுத்துப் பிடித்து வைத்திருந்த 'இவன் யார், ஏன் இப்படிச் செய்கிறான்' என்ற அதே கேள்விதான் தாளில் ஏறும்போது குறையாக மாறும். துப்பறியும் கதையைப் பாதியில் நிறுத்தி "கொலைகாரன் யாரென்று தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டு, தெரியவில்லை என்றவுடன் முதல் அத்தியாயத்திலேயே அவன் பெயரைப் போட்டுவிடுவதைப் போன்ற காரியம் இது. அந்தக் கேள்வித்தாளில் நான் ஒரு வரி சேர்க்க ஆசைப்படுகிறேன்: உங்களுக்குத் தெரிந்துவிட்டபிறகும் எந்த இடத்தில் மறுபடி சொன்னார்கள்?

விளக்கிச் சொல்லிக் கெடுத்ததற்கு முழுச் சாட்சி ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்'. 1982 மார்ச்சில் டென்வர், டாலஸ் நகரங்களில் முன்னோட்டக் காட்சிகள் நடந்தன. இங்கே ரசிகர்கள் நிஜமாகவே குழப்பம் என்றார்கள், இருட்டாக இருக்கிறது, சோர்வாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். பணம் போட்டவர்கள் உடனே இரண்டு வேலை செய்தார்கள். கதாநாயகன் டெக்கார்ட் பின்னணியில் பேசிக்கொண்டே வருகிற மாதிரி ஹாரிசன் ஃபோர்டை வைத்துக் குரல் பதிவு செய்தார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. அதைக் குரலிலேயே கேட்கலாம். முடிவையும் மாற்றினார்கள்.

அந்தப் படத்தில் உலகமே பேசும் ஒரு காட்சி இருக்கிறது. ராய் பேட்டி என்ற செயற்கை மனிதன், தன்னைக் கொல்ல வந்த டெக்கார்டை மாடி விளிம்பிலிருந்து தூக்கிக் காப்பாற்றுகிறான். கொட்டும் மழையில் உட்கார்ந்து, தான் கண்டதெல்லாம் தன்னோடு போய்விடும் என்று சில வரி பேசுகிறான். தலை கவிழ்கிறது. கையிலிருந்த புறா பறக்கிறது. எதிரே டெக்கார்டின் முகம், அவ்வளவுதான். கொன்றிருக்கவேண்டியவன் ஏன் காப்பாற்றினான் என்பதை நாம் அந்த முகத்தைப் பார்த்தபடி நமக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1982 பதிப்பில் அந்த நேரம் பார்த்து ஃபோர்டின் குரல் ஆரம்பிக்கிறது: ஏன் காப்பாற்றினான் என்று தெரியவில்லை, கடைசி நேரத்தில் உயிரின்மேல் அவனுக்கு ஆசை வந்திருக்கலாம், என்கிற பாணியில். மனதில் ஓடுவதை ஒருவர் பக்கத்து சீட்டிலிருந்து உரக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? கொட்டகையில் அப்படிப் பேசுகிறவரை நாம் "சும்மா இருங்க சார்" என்போம். ஸ்டுடியோ அவரைத் திரைக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டது.

முடிவு இன்னும் வேடிக்கை. இரண்டு மணி நேரம் மழை, இருட்டு, புகை, நெரிசல். கடைசியில் காதலனும் காதலியும் காரில் ஊரைவிட்டுக் கிளம்ப, வெயில், பச்சை மலை, நீல வானம்! அந்த மலைக்காட்சிகள் ஸ்டான்லி குப்ரிக் 'த ஷைனிங்' படத்தின் தொடக்கத்துக்காக எடுத்து மிச்சம் வைத்திருந்தவை. கேட்டு வாங்கி ஒட்டினார்கள். கொஞ்ச தூரம் கார் ஓட்டினால் இப்படியொரு இடம் இருக்குமானால், இத்தனை ஜனமும் எதற்காக அந்த ஊரில் நனைந்துகொண்டு கிடக்கிறார்கள்? ரசிகனுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று ஒட்டிய காட்சிதான் படத்திலேயே பெரிய குழப்பம்.

சரி, குரல் கொடுத்தார்கள், முடிவை மாற்றினார்கள். படம் ஓடியதா? ஓடவில்லை. ஜூன் 25-இல் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வெளியாகி ஊரே அங்கே போய்விட்டிருந்தது. அந்தக் கோடையில் வேற்றுக்கிரகத்துக் குழந்தை வேண்டும் என்று இருந்தவர்கள், விளக்கம் சொன்னதற்காக மழையில் நனைய வரப்போவதில்லை. 1990-இல் லாஸ் ஏஞ்சலஸ் திரையரங்கு ஒன்றில் அந்தக் குரல் பெரும்பாலும் இல்லாத பழைய பிரதி தற்செயலாக ஓட்டப்பட்டது. அடுத்த ஆண்டு அதைத் தனியாகத் திரையிட்டபோது அரங்குகள் நிறைந்தன. 1992-இல் குரலையும் மலையையும் எடுத்துவிட்டு இயக்குநர் பதிப்பு வந்தது, 2007-இல் இறுதிப் பதிப்பு. பத்து வருடத்தில் அமெரிக்கர்களின் மூளை வளர்ந்துவிட்டதா என்ன? படம் தனக்கான ஆட்களைத் தேடிக் கண்டுபிடிக்க அவ்வளவு நாள் பிடித்தது, அவ்வளவே.

விளக்கம் சொல்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. மௌனப்பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இடையிடையே வரும் அட்டைகளைப் படித்துக் காட்டுவார், தன் சரக்கையும் சேர்த்துக்கொள்வார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். துரியோதனன் வருகிறான் என்று அவன் சொல்லித்தான் நமக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. பாரதம் தெரியாத ஆள் விடிய விடியக் கூத்துப் பார்க்க வருவானா? கட்டியங்காரன் ராஜாவைக் கிண்டல் செய்வான், ஊர் நாட்டாமையைச் சீண்டுவான், நாம் கேட்க நினைத்ததைக் கேட்பான். அவன் நம் பக்கத்து ஆள். டெக்கார்டின் குரல் அப்படிப்பட்டதல்ல; வகுப்பில் மக்குப் பையனுக்காகப் பாடத்தைத் திரும்ப நடத்தும் வாத்தியார் குரல் அது, அதுவும் வேலையில் விருப்பமில்லாத வாத்தியார்.

நம் படங்களில் இந்த வாத்தியாருக்கு வேறு வேஷம். நாயகன் தனியாக நிற்பான். காமிரா முகத்துக்கு நெருங்கும். ஐந்து நிமிடம் முன்னால் அம்மா சொன்ன வசனம் எக்கோவோடு மறுபடி ஒலிக்கும், "நீ ஜெயிக்கணும்ப்பா... ஜெயிக்கணும்ப்பா..." என்று. போதாதென்று அந்தக் காட்சியையே மூலையில் மங்கலாகக் காட்டுவார்கள். ஐந்து நிமிடம் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டாதவன் என்று அவர்கள் நினைக்கும் அதே ரசிகன்தான், இருபது வருடத்துக்கு முந்தைய ரஜினி படத்தின் வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான்.

இங்கே எனக்கு எதிராகப் பேசும் ஒரு படத்தையும் வைத்துவிட வேண்டும். 1954-இல் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்'. வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து. பாட்டு இல்லை, நடனம் இல்லை. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். ஒவ்வொருவர் சொல்வதிலிருந்தும் கதை பின்னால் போகிறது. போதாதற்கு நாயகன் தேசத்துரோகி. தேசிய விருதில் தகுதிச் சான்று கிடைத்தது. கொட்டகையில் ஓடவில்லை. அதன்பிறகு இந்த மாதிரி முயற்சி என்று யார் வந்தாலும் "அந்த நாள் என்னாச்சு தெரியுமில்ல?" என்பது தயாராக இருந்த பதில்.

ஆனால் பாருங்கள், அங்கேயும் புரியாமல் எழுந்து போனதாக நான் நம்பவில்லை. 1954-இல் தமிழ்ப் படத்துக்கு டிக்கெட் வாங்குவதென்றால் பாதிக் காசு பாட்டுக்கு. வானொலியும் இசைத்தட்டும் எல்லா வீட்டுக்கும் வராத நாளில் பாட்டுக் கேட்கும் இடம் கொட்டகை. கச்சேரி என்று போனவனுக்கு நாடகம் காட்டினால் அவன் கோபப்படுவதற்கும் அவன் அறிவுக்கும் என்ன சம்பந்தம்? 'பாட்டு இல்லையே' என்று அவன் முனகியதைத்தான் 'புரியவில்லை' என்று கோடம்பாக்கம் குறித்து வைத்துக்கொண்டது.

அதற்கு நேர் எதிர்க் கதை 1977-இல். பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்தை விநியோகஸ்தர்கள் வாங்க மறுத்தார்கள். கமல்ஹாசன் சப்பாணியாக, கோமணத்தோடு, கால் இழுத்து நடக்கிறார். செட் இல்லை, சண்டை இல்லை. தயாரிப்பாளர் எஸ். ஏ. ராஜ்கண்ணு தானே வெளியிட்டார். அது என்ன ஓட்டம் ஓடியது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தின் முடிவை நினைத்துக்கொள்ளுங்கள். நாயகி மயில் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். சப்பாணி திரும்பி வந்தானா? படம் சொல்லவில்லை. சி சென்டர் என்று எந்த ஜனத்தைச் சொன்னார்களோ அந்த ஜனம்தான் இந்த முடிவை ஏற்றுக்கொண்டு, திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்த வருடமே மகேந்திரனின் 'முள்ளும் மலரும்'. அண்ணன் தங்கை பாசக் கதை என்றதும் பக்கம் பக்கமாக வசனம் இருக்கும் என்று எதிர்பார்த்த தயாரிப்பாளருக்கு, வசனமே குறைவாக இருந்த படத்தைப் பார்த்து மனம் ஒடிந்துபோனது என்று மகேந்திரனே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். ஒரு பாடல் காட்சியை எடுக்கக் கமல்ஹாசன் தன் காசைக் கொடுத்து உதவவேண்டி வந்தது. கடைசிக் காட்சியில் அண்ணன் காளி என்ன செய்கிறான்? ஊரே தங்கையை, அவனுக்குப் பிடிக்காத இன்ஜினீயர் பக்கம் அழைத்துப் போகிறது. அவள் பாதியில் ஓடிவந்து ஒற்றைக் கை அண்ணன்மேல் சாய்கிறாள். அந்த ஒன்று அவனுக்குப் போதும். அவனே அவளை இன்ஜினீயரிடம் கொண்டுபோய் விடுகிறான். விடும்போதும், உங்களை எனக்கு இப்பவும் பிடிக்கவில்லை என்கிற பொருளில்தான் பேசுகிறான். திருந்திய நாயகனும் இல்லை, காலில் விழும் காட்சியும் இல்லை. வெறுப்பும் பாசமும் ஒரே மூச்சில். இதை முதல் சில வாரங்களில் கண்டுகொள்ளாத ஜனம் பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வந்து நூறு நாள் ஓட வைத்தது. யாரும் அவர்களுக்குக் கோனார் நோட்ஸ் போட்டுத் தரவில்லை.

1987-இல் சிங்கீதம் சீனிவாசராவ் வசனமே இல்லாமல் ஒரு படம் எடுத்தார். தமிழில் அதற்குப் 'பேசும் படம்' என்று பெயர். இந்தியில் 'புஷ்பக்', கன்னடத்தில் 'புஷ்பக விமானா'. ஊருக்கு ஊர் பெயர்தான் மாறியது, ரீல் ஒன்றுதான். அதைப் பற்றி நீட்டவேண்டாம்; பார்க்காதவர்கள் இருந்தால் பாருங்கள்.

இவ்வளவு சாட்சி இருந்தும் அந்த வாக்கியம் ஏன் சாகவில்லை? எனக்குத் தோன்றுவது, அது ரசிகனைப் பற்றிய வாக்கியமே அல்ல, பேரம். மினிமம் கேரண்டி கொடுத்து ஏரியா வாங்குகிற விநியோகஸ்தர் பிரிவியூ தியேட்டரிலிருந்து வெளியே வருகிறார். படம் அருமை என்றால் விலை ஏறும். மோசம் என்றால் உறவு முறியும். "நல்ல படம் சார், பி, சி-யில போகாது" என்றால் பாராட்டியதும் ஆயிற்று, விலையைக் குறைத்ததும் ஆயிற்று. இதையே தயாரிப்பாளர் இயக்குநரிடம் சொல்கிறார், இயக்குநர் உதவி இயக்குநரிடம் சொல்கிறார். பத்து வருடத்தில் எல்லோரும் இதை உண்மை என்றே நம்பிவிடுகிறார்கள். ஹாலிவுட்டில் பேரத்துக்குப் பதில் பயம். இருபது கோடி டாலர் போட்ட படம் விழுந்தால் ஒரு அதிகாரியின் நாற்காலி போகும். விளக்கம் அதிகமாகிவிட்டது என்று இதுவரை யாருக்கும் வேலை போனதில்லை. ஆகவே சந்தேகம் வந்தால் விளக்கு. பட்ஜெட் ஏற ஏற விளக்கமும் ஏறுகிறது.

கிறிஸ்டோபர் நோலனின் 'மெமெண்டோ' ஒரு கோடி டாலருக்கும் குறைந்த செலவில் எடுத்த படம். கதை பின்னிலிருந்து முன்னாக நகர்கிறது. 2000-இல் அமெரிக்க விநியோகஸ்தர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பலரும் பாராட்டினார்கள், ஒருவரும் வாங்கவில்லை. பி, சி-யில் போகாது கதைதான். தயாரிப்பில் பணம் போட்ட நியூமார்க்கெட் நிறுவனமே வெளியிட்டது, முதலில் 11 அரங்குகளில். அது 500-க்கு மேல் பெருகி, அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடி டாலர் வசூலித்தது. குழம்பியவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, இன்னொரு டிக்கெட் வாங்கினார்கள்.

"தமிழில் அதைத்தானே நேராக நிமிர்த்தி 'கஜினி' ஆக்கினார்கள், அது ரசிகனைக் குறைத்து மதிப்பிட்டது இல்லையா?" என்று கேட்பீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். 2005-இல் முருகதாஸ் எடுத்துக்கொண்டது ஞாபகம் நிற்காத மனிதன் என்ற முடிச்சை மட்டும். படத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. கல்பனா கொல்லப்பட்டாள் என்பது சூர்யாவின் உடம்பில் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்த கணத்திலிருந்து நமக்குத் தெரியும். அதன்பிறகுதான் கல்பனாவாக அசின் வருகிறார், பொய் சொல்கிறார், சிரிக்க வைக்கிறார். கொட்டகையே சிரிக்கிறது, ஒவ்வொரு சிரிப்புக்கும் அடியில் இவள் சாகப்போகிறாள் என்பது கிடக்கிறது. இரண்டையும் ஒன்றாகத் தாங்கச் சொல்வது ரசிகனிடம் சின்ன வேலை வாங்குவது இல்லை. கடைசிச் சண்டையைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.

ஸ்டுடியோ ஜெயித்த கதையும் உண்டு. 1987-இன் 'ஃபேட்டல் அட்ராக்ஷன்' படத்தில் அலெக்ஸ் என்ற பெண் தற்கொலை செய்துகொள்வதாகவும், பழி நாயகன்மேல் விழுவதாகவும் முதலில் முடிவு. முன்னோட்டக் காட்சியில் கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை, அவள் தண்டிக்கப்பட வேண்டும் என்று துடித்தது. குளியலறையில் அவளைச் சுட்டுக் கொல்வதாக மாற்றி எடுத்தார்கள். நடித்த க்ளென் க்ளோஸ் எதிர்த்துப் பார்த்தார், பயனில்லை. உலகம் முழுக்க 30 கோடி டாலருக்கு மேல் வசூல். ஸ்டுடியோ கணக்குச் சரி. அங்கே கூட்டம் புரியவில்லை என்று சொல்லவே இல்லை. புரிந்ததால்தான் ரத்தம் கேட்டது. ரசிகனின் அறிவைவிட அவன் ஆத்திரத்தைக் கணக்கிடுவதில் ஸ்டுடியோக்கள் கெட்டி.

இப்போது ஓ.டி.டி. காலம். கையில் செல்போனை வைத்துக்கொண்டு பாதிக் கண்ணால் பார்க்கிறவருக்காக, பாத்திரம் தான் செய்வதை வாயாலும் சொல்லட்டும் என்று ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் கேட்பதாகத் திரைக்கதை எழுதுகிறவர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். "நான் இப்போது கதவைத் திறக்கப் போகிறேன்" வகை. பழைய பயத்துக்குப் புதிய காரணம் கிடைத்திருக்கிறது. முன்பு ரசிகனுக்கு மூளை போதாது என்றார்கள், இப்போது கவனம் போதாது என்கிறார்கள். கவனமில்லாதவருக்காகச் செய்யச் செய்யக் கவனித்துப் பார்ப்பதற்கு அதில் எதுவும் மிஞ்சாது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு சண்டையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். டெர்ரி ஜில்லியம் 1985-இல் எடுத்த 'பிரேசில்'. காகிதமும் குழாயுமாக நிறைந்த ஒரு சர்வாதிகார அரசாங்கம். அதில் சாம் என்ற குமாஸ்தா மாட்டிக்கொள்கிறான். கடைசியில் தப்பித்து, காதலியோடு பசுமையான ஓர் இடத்துக்குப் போய்விடுகிறான். அடுத்த ஷாட்டில் அவன் சித்திரவதை நாற்காலியிலேயே கட்டிக் கிடக்கிறான். தப்பித்ததெல்லாம் புத்தி பேதலித்த மூளையின் கனவு. யுனிவர்சல் ஸ்டுடியோவின் சிட் ஷெய்ன்பெர்க், 142 நிமிடப் படத்தை அமெரிக்காவில் இப்படியே விடமாட்டேன் என்றார். அவர் ஆட்கள் 94 நிமிடத்துக்கு வெட்டி, கனவோடு முடித்துவிட்டார்கள். காதல் ஜெயித்தது, சுபம். ஜில்லியம் 'வெரைட்டி' பத்திரிகையில் ஒரு முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, என் படத்தை எப்போது வெளியிடப் போகிறீர்கள் என்று ஷெய்ன்பெர்க்கின் பெயரைப் போட்டே கேட்டார். வெளிவராத அந்தப் படத்துக்கு லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர்கள் சங்கம் ஆண்டின் சிறந்த படம் என்று விருது கொடுத்துவிட்டது. ஸ்டுடியோ பணிந்து, 132 நிமிடப் பதிப்பை அந்த முடிவோடு வெளியிட்டது.

94 நிமிடப் பதிப்பையும் அவர்கள் வீணாக்கவில்லை, தொலைக்காட்சியில் காட்டினார்கள். பின்னால் கிரைட்டீரியன் நிறுவனம் 'பிரேசில்' படத்துக்கு ஒரு டிவிடி தொகுப்பு போட்டபோது அதையும் ஒரு தனித் தட்டாகச் சேர்த்தது. யாருக்கும் எந்த விளக்கமும் தேவைப்படாமல் புரியவேண்டும் என்று செய்த பதிப்பு அது. அந்தத் தட்டில், படத்தை ஆராய்ந்த ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை கூடவே பேசி, எங்கே எதை வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று விளக்கிக்கொண்டே வருகிறார்.